காடு வெட்டப் போன கைதிகள்

சோமனூர்

அந்தமான் என்றதும் கொங்கு நாட்டில் வளர்ந்தவர்களுக்கு நினைவில் எழுவது செக்கு. வ.உ.சிதம்பரனாருக்கு 1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே விதித்தது கடுங்காவல் அல்ல, நாற்பது ஆண்டுத் தீவாந்தர சிட்சை. மேல்முறையீட்டில் அது குறைந்தது. அந்த ஆண்டு ஜூலை முதல் 1910 டிசம்பர் வரை அவர் இருந்தது கோவை மத்தியச் சிறையில். அங்கே அவர் இழுத்த செக்கைப் பார்த்துவிட்டு, செல்லுலார் சிறையில் கைதிகளை மாடுகளாக நுகத்தில் பூட்டி எண்ணெய் ஆட்டிய கதையைப் படிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அந்தமான் என்றால் சிறை, சிறை என்றால் தியாகிகள் என்ற சித்திரம் அப்படித்தான் நிலைத்தது. அந்தச் சித்திரம் பொய்யில்லை. ஆனால் கதையின் கடைசி அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைக்கிற வேலை அது. செல்லுலார் சிறை கட்டி முடிந்தது 1906இல். அதற்கு 48 ஆண்டுகளுக்கு முன்பே கைதிகள் வந்துவிட்டார்கள். அப்போது மதிலும் இல்லை, அறைகளும் இல்லை. 1858 என்ற அந்த ஓர் ஆண்டில் நடந்ததைப் பின்தொடர்ந்து தீவுகளில் இடம் இடமாகப் போனால் வேறொரு அந்தமான் தெரிகிறது. ஆங்கிலேயர் அங்கே தொடங்கியது ஒரு குடியேற்றம். சிறை என்பது அதற்கு ஆள் திரட்டிய வழி. அந்தக் குடியேற்றத்தின் விலையைக் கைதிகள் ஒரு பங்கு கொடுத்தார்கள். எந்த நீதிமன்றத்திலும் நிற்காத, எந்தக் குற்றமும் செய்யாத வேறொரு மக்கள் மிச்சம் எல்லாவற்றையும் கொடுத்தார்கள்.

சாத்தம்

போர்ட் பிளேர் இப்போது ஸ்ரீ விஜயபுரம். 2024இல் பெயர் மாறியது. ஊர்க்காரர்கள் பேச்சில் இன்னும் பழைய பெயரே ஓடுகிறது. துறைமுகத்துக்குள் கிடக்கும் சிறு தீவு சாத்தம். ஒரு பாலம் அதை ஊருடன் சேர்க்கிறது. 1883இல் தொடங்கிய மர அறுவை ஆலை அங்கே இன்றும் இருக்கிறது. படாக் மரத்தின் செந்நிறப் பலகைகள் அடுக்கிக் கிடக்கின்றன. 1942இல் ஜப்பானியர் குண்டு போட்ட பள்ளத்தைப் பயணிகள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். மரத்தூள் வாசனையும் உப்புக்காற்றும் கலந்த அந்த இடத்தில்தான் எல்லாம் தொடங்கியது, அதுவும் இரண்டு முறை. 1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக முதல் குடியேற்றத்தை இங்கே அமைத்தார். 1792இல் அது வடக்கு அந்தமானுக்கு மாற்றப்பட்டது. நோயும் சாவும் தாங்காமல் 1796இல் கைவிடப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் தீவுகள் மறுபடி தங்கள் மக்களிடமே இருந்தன.

1857 கிளர்ச்சி அதை மாற்றியது. வட இந்தியச் சிறைகள் நிரம்பி வழிந்தன. கிளர்ச்சிக்காரர்களை நாட்டுக்குள் வைத்திருக்க அரசு அஞ்சியது. டாக்டர் மோவாட் தலைமையில் ஒரு குழு 1857 டிசம்பரில் தீவுகளைச் சுற்றிப் பார்த்து, பிளேரின் பழைய துறையையே பரிந்துரைத்தது. 1858 ஜனவரியில் கொடி ஏறியது. மார்ச் 10ஆம் தேதி, ஆக்ரா சிறையை நிர்வகித்திருந்த டாக்டர் ஜே.பி.வாக்கர், 200 கைதிகளோடும் ஐம்பது காவலர்களோடும் சாத்தத்தில் இறங்கினார். இருநூறு பேருக்கு ஐம்பது காவலர்கள், மதில் கிடையாது, கூரைகூடக் கிடையாது. இதைச் சிறை என்று எடுத்துக்கொண்டால் இதைவிட மோசமான ஏற்பாடு இருக்க முடியாது. காடு வெட்டும் வேலைக்களம் என்று எடுத்துக்கொண்டால் எல்லாமே பொருந்துகிறது. ஆட்கள் இருக்கிறார்கள், கோடரி இருக்கிறது, கைதிகளிலிருந்தே பொறுக்கிய மேஸ்திரிகள் இருக்கிறார்கள். நாளொன்றுக்கு ஒரு அணா ஒன்பது பை என்று ஒரு படியும் இருந்தது. அதிலிருந்து கைதி தன் சாப்பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கூலிக் கணக்கு, கோவைப் பக்கத்து விசைத்தறி ஊரான சோமனூரின் மக்களுக்குப் புதிதல்ல. பாவு நூலும் ஊடை நூலும் அடுத்தவருடையது, தறியும் உழைப்பும் தன்னுடையது, மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. ஊரின் பெரும்பகுதி அப்படித்தான் பிழைக்கிறது. அந்தக் கூலி போதவில்லை என்றால் தறியை நிறுத்திவிட்டுப் பேச்சுவார்த்தைக்கு உட்காரலாம். அதில் தோற்பதும் உண்டு, வாரக்கணக்கில் அடுப்பு மங்குவதும் உண்டு. ஆனாலும் நிறுத்தும் உரிமை இருக்கிறது. சாத்தத்தில் வேலையை நிறுத்திய கைதிக்கு என்ன இருந்தது என்பதை அடுத்த தீவு சொல்கிறது.

ராஸ்

சாத்தத்தில் நல்ல தண்ணீர் போதவில்லை. தலைமையிடம் துறைமுக வாயிலில் உள்ள ராஸ் தீவுக்குப் போனது. 2018 முதல் அதன் பெயர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. இன்று அங்கே புள்ளிமான்கள் ஆட்களுக்கு அஞ்சாமல் திரிகின்றன. மாதா கோயிலின் சுவர், ரொட்டிக்கூடம், அதிகாரிகளின் மாளிகைகள் என எல்லாவற்றையும் அத்தி இனத்து மரங்களின் வேர்கள் பிடித்து நிற்கின்றன. வேர் இழுத்தால் சுவர் விழும், சுவர் சரிந்தால் வேர் சாயும் என்ற அளவுக்கு இரண்டும் பின்னிவிட்டன. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற மண் இது. 700 மில்லிமீட்டர் பெய்தாலே நல்ல வருஷம் என்று சொல்லும் சோமனூர்ப் பக்கத்துக் கரிசலிலிருந்து வருகிறவரை இந்தப் பச்சை திகைக்க வைக்கும். 1858இல் வட இந்தியச் சமவெளியிலிருந்து வந்தவர்களையும் அது திகைக்கத்தான் வைத்திருக்கும். கோதுமை வயல்களில் வளர்ந்த சிப்பாய்கள் அட்டைகளும் காய்ச்சலும் நிறைந்த காட்டில், இடுப்பளவு ஈரத்தில், கோடரியோடு நிறுத்தப்பட்டார்கள்.

அவர்கள் ஓடினார்கள். நாராயண் என்பவர் வந்த நான்காம் நாளே சாத்தத்திலிருந்து நீந்தித் தப்பப் பார்த்தார். பிடித்துத் தூக்கிலிட்டார்கள். நிரஞ்சன் சிங் என்பவர் ராஸில் தூக்கிட்டுக்கொண்டார். காடு போய்ச் சேரும் இடம் பர்மா, அங்கே அரசன் தங்களைப் படையில் சேர்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கையில் கூட்டம் கூட்டமாகக் காட்டுக்குள் போனார்கள். பலர் பசியில் செத்தார்கள், பலர் அந்தமானியரின் அம்புக்கு இரையானார்கள். உயிரோடு பிடிபட்டோ திரும்பியோ வந்தவர்களில் 86 பேரை மே மாதத்தில் ஒரே நாளில் வாக்கர் தூக்கிலிட்டார். ஜூன் நடுவில் எடுத்த கணக்கு இது: அதுவரை வந்தவர்கள் 773 பேர். மருத்துவமனையில் இறந்தவர்கள் 64, தப்பித் திரும்பாதவர்கள் 140, தூக்கிலிடப்பட்டவர்கள் 87, தற்கொலை ஒன்று. மிச்சம் 481. மூன்று மாதத்தில் ஐந்தில் இரண்டு பங்கு ஆட்கள் இல்லை. செல்லுலார் சிறையின் ஒலி-ஒளிக் காட்சியைக் கேட்கக் கூட்டம் நிறைகிறது.  ஆனால் இந்த 86 பேரின் பெயரைக் கேட்டு ராஸுக்குப் படகேறுகிறவர் அரிது.

இதற்கு ஒரு மறுப்பு எளிதாக எழும். இது வாக்கர் என்ற ஒரு தனிமனிதனின் கொடூரம், இதை வைத்து முழு ஏற்பாட்டையும் எடைபோடலாமா? கல்கத்தா அரசே அந்தத் தூக்குகளை ஏற்கவில்லை, தப்பியதற்காகத் தூக்கிலிடுவதை நிறுத்தச் சொன்னது என்பது உண்மை. 1859இல் வாக்கர் போய் ஹாட்டன் வந்தார், கைதிகள் மீதான கெடுபிடி தளர்ந்தது என்பதும் உண்மை. ஆனால் மாறாமல் நின்றது எது என்று பார்க்க வேண்டும். காடு வெட்டுவது நிற்கவில்லை. கைதிகளை அனுப்புவது நிற்கவில்லை. கல்கத்தாவின் கோபம் ஆட்களை வீணடித்த முறையின் மீது இருந்தது. ஆட்களைக் கொண்டு நிலம் பிடிக்கும் நோக்கத்தை அங்கே யாரும் கேள்வி கேட்கவில்லை. கொடியவர் போய் நல்லவர் வந்த பிறகும் ஒரு வேலை அதே வேகத்தில் நடக்கிறது என்றால், அந்த வேலையின் வேர் தனிமனிதர் குணத்தில் இல்லை.

அபர்தீன்

அபர்தீன் கடைத்தெரு ஊரின் நடு. தமிழ், வங்காளம், தெலுங்கு, மலையாளம் எல்லாம் அங்கே காதில் விழும், எல்லாரையும் இந்துஸ்தானி இணைக்கும். பலகாரக் கடைகளில் இட்லியும் சாம்பாரும் கிடைக்கின்றன. மதியச் சாப்பாட்டில் மட்டும் தீவு தன்னைக் காட்டிக்கொள்கிறது. கொங்குச் சமையலில் கொள்ளும் கம்பும் இருக்கும் இடத்தில் இங்கே கடல்மீனும் தேங்காயும். கடைக்காரர்களில் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் குடும்பங்கள் நிறைய. பேச்சுக் கொடுத்தால் அப்பா வந்த கதை, தாத்தா வந்த கதை என்று தொடங்கிவிடுகிறார்கள். வேலை தேடி வந்தவர்கள், வியாபாரத்துக்கு வந்தவர்கள். இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்கள் 1970களில் தெற்கே கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். இன்னொரு வகையினர் தங்களை 'லோக்கல் பார்ன்' என்கிறார்கள். கைதிகளின் வழிவந்தவர்கள். அவர்களுக்குள் சாதியும் மதமும் கலந்த திருமணங்கள் தலைமுறைகளாக நடந்திருக்கின்றன. தாய்நாட்டில் வழக்குமன்றம் வரை போகும் விஷயம் இங்கே சாதாரணம். அது இந்தத் தீவின் உண்மையான பெருமை.

கடற்கரையோரத்தில், நீர்விளையாட்டு வளாகத்தில் ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது. 1859 மே மாதத்தில் அபர்தீன் போரில் இறந்த அந்தமானியருக்கானது. படகுச் சவாரிக்கு வரும் கூட்டம் அதைத் தாண்டிப் போகிறது. காடு வெட்டும் கூட்டம் கரையேறியதும் அந்தமானியருக்குப் புரிந்துவிட்டது. ஏப்ரலில் இருமுறை பெருங்கூட்டமாக வந்து தாக்கினார்கள். மே மாதத்தில் குடியேற்றத்தையே துடைத்தெறியத் திட்டமிட்டார்கள். அதை முன்கூட்டியே காட்டிக்கொடுத்தவர் துத்நாத் திவாரி. ஜீலத்தில் கிளர்ச்சிக் குற்றம் சாட்டப்பட்ட சிப்பாய், 1858 ஏப்ரலில் தப்பி ஓடியவர். கூட வந்தவர்கள் கொல்லப்பட, அம்புக் காயத்தோடு இவரை மட்டும் அந்தமானியர் பிழைக்கவிட்டார்கள். ஓராண்டுக்கு மேல் அவர்களோடு வாழ்ந்தார், மணம் முடித்தார். தாக்குதல் திட்டம் தெரிந்ததும் ஓடிவந்து வாக்கரிடம் சொன்னார். வில்லும் அம்பும் துப்பாக்கிகளுக்கு முன்னால் நிற்கவில்லை. துத்நாத் திவாரிக்கு மன்னிப்பும் விடுதலையும் கிடைத்தன. மனைவி கருவுற்றிருந்த நிலையில் காட்டிலேயே விடப்பட்டாள்.

துத்நாத் திவாரியைத் துரோகி என்று எழுதி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அவர் எந்த அணிக்குத் துரோகம் செய்தார்? ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தவர் அவர். ஆங்கிலேயர் அவரைக் கொண்டு காட்டை வெட்டினார்கள். காட்டு மக்கள் அவர் கூட்டாளிகளைக் கொன்றார்கள், அவரைக் காப்பாற்றினார்கள். இரண்டு பக்கமும் ஆங்கிலேயரால் பாதிக்கப்பட்டவர்கள், ஒருவர் கையில் கோடரி, இன்னொருவர் கையில் வில். பின்னாட்களில் இது திட்டமிட்ட ஏற்பாடாகவே ஆனது. தப்பி ஓடும் கைதிகளைப் பிடித்துத் தர அந்தமானியரையே பயன்படுத்தினார்கள். கைதி காட்டை அழிக்க, காட்டு மனிதன் கைதியைப் பிடிக்க, மதில் கட்டும் செலவு மிச்சம். இந்த ஏற்பாட்டின் கொடுமைக்கு முன்னால் செல்லுலார் சிறையின் இரும்புக் கம்பிகள் சிறியவை என்று சொல்வதில் தயக்கமில்லை.

வைப்பர்

வைப்பர் தீவில் மேட்டின் மேல் செங்கல் குவிமாடத்தோடு ஒரு தூக்குமேடை நிற்கிறது. செல்லுலாருக்கு முந்தைய சிறை இங்கே 1860களில் எழுந்தது. 1872 பிப்ரவரி 8 அன்று வைஸ்ராய் மேயோவைக் குத்திக் கொன்ற ஷேர் அலி அஃப்ரிதியை அடுத்த மாதம் இங்கேதான் தூக்கிலிட்டார்கள். பயணிகள் அதைக் கேட்டுக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். வைப்பர் பற்றிச் சொல்ல வேண்டிய வேறொன்று உண்டு. பெண் கைதிகளை வைத்திருந்த தீவுகளில் இதுவும் ஒன்று. 1858இன் தோல்வியிலிருந்து அரசு கற்ற பாடம் அவர்களிடம் தெரிகிறது. தூக்குக்கயிறு ஓட்டத்தை நிறுத்தாது, குடும்பம் நிறுத்தும். நன்னடத்தையோடு சில ஆண்டுகள் கழித்த கைதிக்கு வெளியே வாழ அனுமதிச் சீட்டு கொடுத்து, நிலமும் கொடுத்து, பெண் கைதிகளில் ஒருத்தியை மணக்கவும் அனுமதித்தார்கள். நிலம் உள்ளவன் ஓடமாட்டான். அவன் வேலி போடுவான், பக்கத்துக் காட்டையும் சேர்த்து வெட்டுவான்.

செல்லுலார்

1890இல் லயல், லெத்பிரிட்ஜ் என்ற இரு அதிகாரிகள் தீவுகளை ஆய்வு செய்தார்கள். அவர்கள் கண்டது அரசுக்கு அதிர்ச்சி தந்தது. தாய்நாட்டுச் சிறையில் கிடப்பதைவிடத் தீவாந்தரம் மேல் என்று கைதிகள் விரும்பத் தொடங்கியிருந்தார்கள். ஆகவே வந்ததும் முதலில் தனியறையில் அடைத்துவைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். அதன் விளைவுதான் 1896இல் தொடங்கி 1906இல் முடிந்த செல்லுலார் சிறை. நடுக்கோபுரத்திலிருந்து ஏழு கைகள், ஏறத்தாழ எழுநூறு தனியறைகள். இன்று மூன்று கைகளே மிச்சம். சுவரில் பெயர்கள், உள்ளே கோணிச் சட்டை, விலங்கு, எண்ணெய்ச் செக்கு. கோவைச் செக்கைப் பார்த்துவிட்டு வருகிறவர் இங்கே நின்று யோசிக்க வேண்டியது இதுதான்: மதில் கடைசியாக வந்தது. குடியேற்றம் ஊராக மாறி, தண்டனையின் பயம் போன பிறகு, பயத்தைத் திரும்ப உண்டாக்குவதற்காகவே அது கட்டப்பட்டது.

இப்படிச் சொல்வது தியாகிகளைச் சிறுமைப்படுத்தாதா என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி. அந்த அறைகளில் மனம் உடைந்தவர்களும் உண்ணாவிரதத்தில் உயிர்விட்டவர்களும் உண்மை. அவர்களுக்கு நாம் பட்ட கடன் குறையவில்லை. ஆனால் ஒரே இடத்தில் இரண்டு துயரங்கள் நடந்திருக்கும்போது ஒன்றுக்கு மட்டும் விளக்கேற்றினால் மற்றதை இருட்டில் தள்ளுகிறோம். 1901 கணக்கெடுப்பில் தீவுகளில் கைதிகள் ஏறத்தாழ 12,000 பேர். 1858இல் சில ஆயிரம் பேராக இருந்த பெரும் அந்தமானியர் அதே கணக்கெடுப்பில் 625 பேர். துப்பாக்கியால் இறந்தவர்கள் குறைவு. 1863இல் ராஸில் 'அந்தமான் இல்லம்' திறந்து அவர்களை அழைத்து வைத்துக்கொண்டார்கள். நல்லெண்ணத்தோடுதான். மேக நோய் பரவியது 1876இல் தெரியவந்தது, 1877இல் தட்டம்மை கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 1961இல் மிச்சம் 19 பேர். இப்போது ஐம்பது பேருக்குச் சற்று மேல். போ மொழியைப் பேசிய கடைசிப் பெண் போவா 2010 ஜனவரியில் இறந்தார். சிட்னியிலும் இதே வரிசைதான். 1788 ஜனவரியில் கைதிக் கப்பல்கள், அடுத்த ஆண்டே அம்மை, துறைமுகத்தைச் சுற்றியிருந்த பூர்வகுடிகளில் பெரும்பகுதி அழிவு. இரண்டு கடல்களில் ஒரே வரிசை நிகழ்ந்தால் அதைத் தற்செயல் என்று விட முடியாது.

திரூர், மன்னார்காடு

ஊரைவிட்டுத் தெற்கு அந்தமானின் உள்ளே போனால் பெயர்ப்பலகைகள் மலபார் ஆகிவிடுகின்றன. திரூர், மன்னார்காடு, வண்டூர், மஞ்சேரி, கள்ளிக்கோட்டை. பாக்கும் தென்னையும் நெல்லும், ஓட்டு வீடு, பள்ளிவாசல். 1921 மாப்பிளைக் கிளர்ச்சியில் தண்டிக்கப்பட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இங்கே அனுப்பப்பட்டார்கள். குடும்பத்தையும் வரவழைத்துக்கொள்ள அரசு ஊக்கம் கொடுத்தது. விட்டுவந்த ஊரின் பெயரை வெட்டிய காட்டுக்கு இட்டார்கள். இந்தக் கிராமங்கள் கோவைக்காரருக்குத் தூரத்துக் கதை அல்ல. அந்த நவம்பரில் திரூரிலிருந்து கைதிகளை அடைத்து வந்த மூடிய சரக்குப்பெட்டியைத் திறந்தது போத்தனூரில். மூச்சு முட்டி ஏறத்தாழ 70 பேர் மடிந்தார்கள். மலபாரிலிருந்து சென்னைக்குப் போகும் அந்த ரயில்பாதைதான் இருகூர், சோமனூர், திருப்பூர் வழியாகப் போகிறது. தறிச்சத்தத்துக்கு நடுவே தினமும் காதில் விழும் அதே தண்டவாளம்.

அந்தக் கைதிகள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, அவர்களை ஆக்கிரமிப்பாளர் என்பது அநியாயம் என்ற மறுப்புக்கு இந்தக் கிராமங்களே வலுவான சாட்சி. நான் அதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். குற்றம் அவர்களுடையதல்ல. விலங்கிட்டுக் கொண்டுவந்தவர்களுடையது. அவர்கள் கை ஓங்கிய கோடரி மட்டும் யாருடைய காட்டில் விழுந்தது என்பது மாறாது. அவர்கள் உருவாக்கிய வயல் உழைப்பின் அற்புதம். அது ஜாரவா பழங்குடிகளின் காட்டு விளிம்பு. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும்.

ஜிர்காடாங்

வடக்கே போகும் பெருஞ்சாலை ஜிர்காடாங் சாவடியில் நின்றுவிடுகிறது. வண்டிகளை வரிசைப்படுத்தி, படம் எடுக்கக்கூடாது, நிறுத்தக்கூடாது என்று எச்சரித்துக் குறித்த நேரங்களில் விடுகிறார்கள். அதற்கப்பால் ஜாரவா காப்பகம். 1858க்குப் பிறகு தொடர்ந்து காடு சுருங்கியபோது அம்பால் பதில் சொல்லியே பிழைத்தவர்கள் இவர்கள். 2011 கணக்கெடுப்பில் 380 பேர். 1998இல் அவர்களாகவே வெளியே வரத் தொடங்கினார்கள். 1999இல் தட்டம்மை வந்தது. 1877இல் பெரும் அந்தமானியரை அழித்த அதே நோய், 122 ஆண்டு கழித்து, அதே காரணத்தால். இந்த முறை மருத்துவர்கள் இருந்ததால் பேரழிவு தடுக்கப்பட்டது. காப்பகத்துக்குள் போகும் சாலைப் பகுதிகளை மூடும்படி 2002இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வண்டிகள் இன்னும் ஓடுகின்றன.

வடக்கே மாயாபந்தர், திக்லிபூரில் வாழ்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரியும் காய்கறியும் இந்தச் சாலைவழியேதான் என்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிரிவினை அகதிகளின் பிள்ளைகள், தீவுக்கு வர அவர்களும் விரும்பிக் கேட்கவில்லை. அந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் வரிசையில் நிற்கும் வண்டிகளில் கணிசமானவை பாராடாங்கின் சுண்ணாம்புக் குகைக்கும் சேற்று எரிமலைக்கும் போகும் சுற்றுலா வண்டிகள். அவற்றுக்கு இந்த நியாயம் பொருந்தாது. நோயாளியின் ஆம்புலன்சையும் சுற்றுலா வேனையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டு, முன்னதைக் காட்டிப் பின்னதை விடுகிறார்கள். தீவுகளுக்கிடையே கப்பல்கள் ஓடுகின்றன, பாராடாங்குக்கும் கடல்வழி உண்டு. கப்பல்களைக் கூட்டி, சுற்றுலாவை முழுதாகக் கடல்வழிக்கு மாற்றிவிட்டு, சாலையை மருத்துவத்துக்கும் அத்தியாவசியப் பொருட்களுக்கும் மட்டும் என்று ஒதுக்கினால் செலவு கூடும், பயண நேரமும் கூடும். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களும் அந்தச் சாலையில் டிக்கெட் கேட்காமல் இருக்கலாம், அதற்கு எந்தத் தீர்ப்பும் தேவையில்லை.